வெள்ளவத்தையில் ஒரு பெண்

1929. கொழும்பு வெள்ளவத்தையில் கடலை ஒட்டி ஒரு சிறு பங்களா. சிலி நாட்டின் கான்சலாக வந்திருந்த கவிஞர் பாப்லோ நெரூதா அங்கே தனியாகக் குடியிருந்தார். வயது இருபத்தைந்தை ஒட்டி. கொல்லைப்புறத்தில் வாளிக் கக்கூஸ். விடிந்தால் வாளி சுத்தமாக இருக்கும். எடுத்துப் போவது யார் என்று அவருக்குத் தெரியாது. ஒருநாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தார்.

வந்தவர் ஒரு தமிழ்ப் பெண். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட சாதி. வாளியைத் தலையில் சுமந்து, இவர் பக்கம் திரும்பாமலே நடந்து போனார். அவர் போகும் வழியில் பட்டுத் துணியும் பழமும் வைத்துப் பார்த்தார் நெரூதா. அந்தப் பெண் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிறகு ஒரு காலையில் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துப் படுக்கைக்குக் கொண்டுபோனார். பேச இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. கண்களை அகலத் திறந்தபடி அசையாமல் கிடந்தாராம் அந்தப் பெண். இது வன்புணர்ச்சி. வேறு சொல் தேட வேண்டியதில்லை.

இதைச் சொன்னவர் நெரூதாவேதான். அவர் இறந்த மறு ஆண்டு, 1974இல் வெளிவந்த தன்வரலாற்றில் இருக்கிறது. உலகமே அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போனது. 2018இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டும் யோசனை வந்தபோதுதான் சிலியின் பெண்ணியர்கள் அந்தப் பக்கத்தை உயர்த்திக் காட்டினார்கள். 2021இல் இலங்கை இயக்குநர் அசோக ஹந்தகம இதை வைத்து ‘அல்போராடா’ என்று படமே எடுத்தார்.

‘எழுத்தைப் பார், எழுதியவனைப் பார்க்காதே’ என்று நானும் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். இங்கே அது செல்லுபடியாகவில்லை. குற்றம் எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. அதுவும் நல்ல எழுத்தாக. அந்தப் பெண்ணைத் தென்னிந்தியக் கற்சிற்பத்துக்கு ஒப்பிடுகிறார். பயத்தில் உறைந்த உடம்பு உவமையில் அழகாகிவிடுகிறது. அவள் என்னை வெறுத்தது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு, அதோடு கடந்துவிடுகிறார். வெள்ளைக்காரர் ஆட்சியில் ஒரு கான்சல் மீது, மலம் அள்ளும் பெண் யாரிடம் போய் முறையிட்டிருப்பார்? சாதியும் பதவியும் சேர்ந்தே அந்தக் கையைப் பிடித்தன.

நெரூதாவை அலமாரியிலிருந்து எடுத்து வீசச் சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பெண் இந்த மண்ணில் நடமாடினார் என்பதற்கு நம் கையில் இருப்பது அந்தப் பக்கங்கள் மட்டும்தான். பெயர்கூட எழுதப்படவில்லை. புத்தகத்தை வீசினால் அவரையும் சேர்த்தே வீசுகிறோம்.

1924இல் வந்த நெரூதாவின் காதல் கவிதைத் தொகுப்பை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் பதினைந்தாவது கவிதை, காதலியின் மௌனத்தைக் கொண்டாடுவது. கல்லூரி நாளில் மனப்பாடமாகச் சொல்வேன். இப்போது அதைத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடுகிறேன். அகலத் திறந்த அந்தக் கண்கள் வந்துவிடுகின்றன.