மிட்டாய் டப்பாவும் கடைவாய்ப் பல்லும்



என் கடைவாய்ப் பல் ஒன்றின் மேல் தொப்பி போல ஓர் உறை மாட்டியிருக்கிறது. "இது எதில் செய்தது டாக்டர்?" என்று கேட்டேன். "சிர்கோனியா" என்றார். வலியையும் மறந்து சிரித்துவிட்டேன். ஏன் தெரியுமா?

என் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள மணவாளக்குறிச்சி. எங்கள் கடற்கரை மணல் கறுப்பாக இருக்கும். உச்சி வெயிலில் செருப்பில்லாமல் நடக்க முடியாது. 1909-ஆம் ஆண்டு ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்தார். அதில் மோனசைட் என்ற அரிய தாது இருப்பதைக் கண்டுபிடித்தார். இன்று ஐ.ஆர்.இ.எல். என்ற மத்திய அரசு நிறுவனத்தின் ஆலை இங்கே இருக்கிறது. இல்மனைட், ரூட்டைல், கார்னெட், சிர்கான் என்று மணலைத் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். (மணல் அள்ளுவது பற்றி ஊரில் சண்டையும் உண்டு. அது வேறு கதை.) சிர்கானிலிருந்து செய்வதுதான் சிர்கோனியா! நான் சின்ன வயதில் வீடு கட்டி விளையாடிய மணல், வயதான காலத்தில் என் வாய்க்குள்ளேயே வந்து குடியேறிவிட்டது. உங்கள் உறை உங்கள் ஊர் மணலில்தான் செய்ததா என்று கேட்காதீர்கள். அது டாக்டருக்கே தெரியாது.

'மணலிலேயே பல் கிடைக்கும்போது நமக்கென்ன கவலை?' என்று சிலர் நினைப்பீர்கள். உறை மாட்டுவதற்கு முன் உள்ளே இருக்கும் பல்லைச் சுற்றிலும் ராவி எடுக்கிறார்கள். செலவும் ஆயிரக்கணக்கில். நம் பல்லின் மேலே எனாமல் என்று ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கிறதல்லவா? நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். ஆனால் அதற்கு உயிரில்லை. கையில் காயம் பட்டால் ஆறிவிடும், எலும்பு முறிந்தால்கூடக் கூடிவிடும். எனாமலில் ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான்.

இதை நான் ஒரு மாணவனிடமிருந்து கற்றுக்கொண்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் நான்காம் வகுப்பு ஆசிரியர். என் மேஜையில் ஒரு தகர டப்பா இருக்கும். உள்ளே மிட்டாய். வாய்ப்பாடு சொன்னால் ஒரு மிட்டாய், சொல்வதெழுதுதலில் பிழையில்லை என்றால் ஒரு மிட்டாய். பிள்ளைகளுக்கு என் வகுப்பென்றால் கொள்ளைப் பிரியம். எனக்கும் பெருமைதான். வகுப்பில் ஒரு கெட்டிக்காரப் பையன் இருந்தான். நான் கேள்வியை முடிக்கும் முன்பே கையைத் தூக்குவான். ஒரு நாளைக்கு ஐந்து மிட்டாயாவது வாங்கிவிடுவான்.

ஒருநாள் அவன் கையைத் தூக்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான். பக்கத்தில் போய், "என்ன மக்களே?" என்றேன். "பல்லு வலிக்கு சார்" என்றான். கன்னம் வீங்கியிருந்தது. மறுநாள் அவன் அம்மாவோடு நானும் பல் மருத்துவரிடம் போனேன். அந்த அம்மா, "பால்பல்லுதானே டாக்டர், விழுந்து முளைச்சிரும் இல்லியா?" என்று கேட்டார். மருத்துவர் தலையை ஆட்டினார். "இது பால்பல் இல்லை அம்மா. ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல். இதைப் பிடுங்கினால் மறுபடி முளைக்காது" என்றார். அன்றைக்கே பிடுங்க வேண்டியதாயிற்று.

இதை நன்றாகக் கவனியுங்கள். ஆறு வயது வாக்கில், பால்பற்கள் வரிசைக்குப் பின்னால், மேலும் கீழும் இரண்டு பக்கமும் நான்கு பெரிய பற்கள் முளைக்கும். எந்தப் பால்பல்லும் விழாமலே இவை முளைப்பதால் பெற்றோர் பலர் இவற்றையும் பால்பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். நீங்கள் எட்டு வயதைத் தாண்டியவர் என்றால், அந்த நான்கும் இப்போது உங்கள் வாயில் இருக்கும். கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் என்னிடம் கேட்டார்: "பையன் மிட்டாய் நிறையச் சாப்பிடுவானா?" "ஐந்துதான் சார், அதுவும் காலையிலிருந்து சாயங்காலம் வரை கொஞ்சம் கொஞ்சமாக" என்றேன், ஏதோ நல்லது செய்ததுபோல. அவர் சிரித்தார். "அதுதான் கெடுதல். ஐந்தையும் ஒரே நேரத்தில், சோற்றுக்குப் பிறகு தின்றிருந்தால்கூட இவ்வளவு மோசமில்லை."

அது எப்படி? நம் பல்லில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நாம் சீனி தின்றால் அவையும் தின்று, அமிலத்தை வெளியிடும். அந்த அமிலம் எனாமலிலிருந்து கால்சியத்தைக் கரைக்கும். நம் எச்சில் சும்மா இருக்குமா? அமிலத்தைக் கழுவி, கரைந்த கால்சியத்தைத் திரும்பவும் பல்லில் சேர்க்கப் பார்க்கும். ஆனால் அதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேண்டும். அதற்குள் அடுத்த மிட்டாய் வந்துவிட்டால் எச்சில் என்ன செய்யும், பாவம்!

இதை ஸ்வீடன் நாட்டில், லண்ட் நகரிலுள்ள விபேஹோல்ம் மருத்துவமனையில் 1940-களில் சோதித்தார்கள். உணவோடு சீனி தின்றவர்களுக்குப் பல் அவ்வளவாகக் கெடவில்லை. இடையிடையே ஒட்டிக்கொள்ளும் டாஃபி தின்றவர்களுக்கு வேகமாகச் சொத்தை விழுந்தது. முடிவு 1954-ல் வெளியானது. ஆனால் அந்த டாஃபியைத் தின்றவர்கள், சம்மதம் சொல்லத் தெரியாத மனவளர்ச்சி குன்றிய நோயாளிகள். இது மிகப் பெரிய அநியாயம். இன்று அப்படிச் செய்ய யாரும் அனுமதிக்க மாட்டார்கள்.

சரி, மிட்டாய் மட்டும்தானா? "நாங்கள் கருப்பட்டிதான் தின்போம்" என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மார்தட்டுவார்கள். பாக்டீரியாவுக்குக் கருப்பட்டியும் சீனிதான்! பிஸ்கட்டும் நேந்திரங்காய் சிப்ஸும்கூட மாவாகிக் கடைவாய்ப் பல் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். நாக்கை வைத்துத் துழாவிப் பாருங்கள், தெரியும். எச்சில் அந்த மாவைச் சர்க்கரையாக்கிவிடும். நம்பிக்கை இல்லையா? ஒரு பிடி சோற்றை விழுங்காமல் நூறு தடவை மென்று பாருங்கள், இனிக்கும். தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடும். ஆகவே ராத்திரி சீனி போட்ட பால் குடித்துவிட்டு அப்படியே படுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். குடித்துவிட்டுப் பல் தேய்த்துப் படுங்கள்.

பல்லுக்கு நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்? எங்கள் ஊரில் சாயங்காலம் மீன் கூடை வந்தால் பாருங்கள். நெத்தோலியை முள்ளோடு தின்கிறோம். அந்த முள்ளில்தான் கால்சியம் இருக்கிறது. சாளையில் வைட்டமின் டி உண்டு. அது கால்சியத்தை உடம்பில் சேர்த்துவிடும். மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் என்றால் எனக்கு இப்போதும் ஒரு பிடி கூடுதலாக இறங்கும். மீன் சாப்பிடாதவர்கள் வருந்த வேண்டாம். பால், தயிர், எள், முருங்கைக் கீரை இருக்கின்றன. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தாடைக்குள் இன்னும் முளைக்காமல் காத்திருக்கும் பற்களுக்கு இவை எல்லாம் வேண்டும்.

பல் நன்றாக இருந்தால் போதுமா, ஈறு வேண்டாமா? இதற்கு ஒரு கப்பல் கதை சொல்கிறேன். எங்கள் பக்கத்து ஊர் குளச்சல். 1741-ல் அங்கேதான் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. அந்தக் காலத்துக் கப்பல்காரர்களுக்குப் பீரங்கியைவிட ஸ்கர்வி என்ற நோயிடம்தான் அதிகப் பயம். மாதக்கணக்கில் காய்கறி, பழம் இல்லாமல் ஈறு வீங்கி, ரத்தம் வடிந்து, பல் ஆடி விழும். கடைசியில் உயிரே போகும். குளச்சல் போர் நடந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1747-ல், ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் பன்னிரண்டு நோயாளி மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்குக் கடல் தண்ணீர் என்று வேறு வேறு கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் மட்டும் ஆறே நாளில் தேறிவிட்டார்கள். ஒருவன் வேலைக்கே திரும்பிவிட்டான்! அப்படியிருந்தும் ஆங்கிலேயக் கடற்படை எல்லா மாலுமிகளுக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க ஆரம்பித்தது 1795-ல்தான். பெரியவர்களுக்குப் புரிய எத்தனை காலம் ஆகிறது பாருங்கள்!

பழத்தில் இருந்தது வைட்டமின் சி. ஈறின் தசையைக் கட்டி வைப்பது அதுதான். நமக்கு ஆரஞ்சு தேடி அலைய வேண்டியதில்லை. கொய்யாவிலும் நெல்லிக்காயிலும், நாம் கொட்டையை எடுத்துக்கொண்டு எறிந்துவிடும் கொல்லாம்பழத்திலும் ஆரஞ்சைவிட அதிகமாகவே இருக்கிறது. புளிப்பான பழம் தின்றவுடன் வாயைக் கொப்பளியுங்கள். உடனே பிரஷ்ஷை எடுக்காதீர்கள், எனாமல் சற்று இளகியிருக்கும். அரை மணி நேரம் போகட்டும். இவ்வளவு தின்றும் ஈறில் ரத்தம் வந்தால், பெரும்பாலும் சரியாகத் தேய்க்காததால் படிந்த அழுக்குதான் காரணம். வீட்டில் சொல்லி மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அந்தப் பையன் நான்கு நாள் கழித்து வகுப்புக்கு வந்தான். நான் டப்பாவிலிருந்த மிட்டாயை எல்லாம் கொட்டிவிட்டு, வறுத்த கடலையும் தேங்காய்ப் பல்லும் போட்டு வைத்திருந்தேன். வகுப்பில் பலருக்கும் முகம் தொங்கிப் போயிற்று. முதல் கேள்விக்கு வழக்கம்போல அவன்தான் கையைத் தூக்கினான். பதில் சரி. டப்பாவை நீட்டினேன். உள்ளே எட்டிப் பார்த்தான். கன்னத்தைத் தடவிக்கொண்டே, "பல்லை எடுத்துட்டு, தேங்காய்ப் பல்லு தாறியளா சார்?" என்றான்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் மட்டும் தேங்காயை மறுபக்கத்துப் பல்லில் வைத்து மெதுவாக மென்றான்.