இணைப்புத்தான் அறுந்தது, கணக்கு அழியவில்லை

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகே என் வாப்பா வலைக்கடை வைத்திருக்கிறார். மீனவர்கள் கடனாக வாங்கும் வலை, கயிறு, ஈயக்குண்டு ஆகியவற்றின் கணக்கு கணினியில் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் நானா அதற்கான நிரலை லிஸ்ப் மொழியில் எழுதித் தந்தார். 1958இல் ஜோன் மெக்கார்த்தி தொடங்கிய அம்மொழி, இன்றும் வழக்கில் உள்ள மிகப் பழைய கணினி மொழிகளுள் ஒன்று. நிரல் கேட்கும், போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம் பதில் தரும்.

விடுமுறையில் கணினியின் உபுண்டு இயங்குதளத்தை 20.04இலிருந்து 22.04க்கு மேம்படுத்தினேன். மறுநாள் காலை நிரலைத் திறந்தால், "இணைப்பு மறுக்கப்பட்டது" என்றது. யார் எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கு எங்களிடம் உள்ள அமானிதம். அது அழிந்துவிட்டதோ என்று பயந்து நானாவுக்குக் கோல் எடுத்தேன்.

"புதுசா ஒண்டையும் உண்டாக்காத, ஒண்டையும் அழிக்காத. முதல்ல செய்திய வாசி," என்றார்.

கடவுச்சொல் பிழையென்றால் செய்தி வேறு. தரவுத்தளம் இல்லையென்றாலும் வேறு. "மறுக்கப்பட்டது" என்றால், தட்டிய கதவுக்குப் பின்னால் எவரும் இல்லை என்று பொருள். அந்தக் கதவைக் கணினியில் போர்ட் என்பார்கள்; துறை என்றே சொல்லலாம். போஸ்ட்கிரெஸின் வழக்கமான துறை இலக்கம் 5432. மூதூர்ப் படகைத் தேடி வேறு துறையில் நின்றுவிட்டு, படகு மூழ்கிவிட்டது என்று சொல்லலாமா?

நிறுவியுள்ள போஸ்ட்கிரெஸ்களைப் பட்டியலிட்டுப் பார்த்தோம். இரண்டு இருந்தன. பழைய 12ஆம் பதிப்பு 5432இல், நிறுத்தப்பட்ட நிலையில். மேம்படுத்தலோடு வந்த 14ஆம் பதிப்பு 5433இல், இயங்கும் நிலையில். 5432 ஏற்கெனவே பழையதன் பெயரில் இருந்ததால் புதியது அடுத்த இலக்கத்தை எடுத்திருந்தது.

நிரலில் 5433 என்று மாற்றினால் போதும் என நினைத்தேன். நானா தடுத்தார். புதியது வெறுமையாக இருந்தது. அதில் அதே பெயரில் ஒரு தரவுத்தளத்தை உருவாக்கியிருந்தால், வெற்றுக் கொப்பியில் புதுக்கணக்கு எழுதத் தொடங்கியிருப்போம்; பழைய கடன்களெல்லாம் மறைவில் கிடந்திருக்கும்.

எனவே முதலில் பழைய தரவுக் கோப்புறையைப் பென் டிரைவில் பிரதி எடுத்தோம். வெறுமையான 14ஐ நீக்கினோம். பிறகு பழையதை 14ஆம் பதிப்புக்கு மாற்றும் கட்டளையைக் கொடுத்தோம். தரவு புதிய பதிப்புக்குப் போனது; 5432உம் அதற்கே கிடைத்தது. நிரலில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

லிஸ்ப்பின் அருமை அப்போதுதான் விளங்கியது. பிழை வந்தால் அது உடனே மூடிக்கொள்வதில்லை. நின்ற இடத்திலேயே நின்று, மீண்டும் முயல்வதா, கைவிடுவதா என்று கேட்கும். காலையிலிருந்து அந்தக் கேள்வி திரையில் காத்திருந்தது. "மீண்டும் முயல்க" என்பதைத் தெரிவுசெய்தேன். பெயர்கள் வரிசையாக வந்தன. வாப்பா தன் கைக்கொப்பியோடு கடைசி மூன்று கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்து, "சரி மகள்" என்றார்.

தோழியரே, மேம்படுத்துமுன் பிரதி எடுங்கள். பிழை வந்தால் செய்தியை முழுதாக வாசியுங்கள். எது எங்கே இருக்கிறது என்று அறியும்வரை எதையும் அழிக்காதீர்கள்.