குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில்

செயல்வழிக் கற்றல் நடந்த அரசுத் தொடக்கப் பள்ளி வகுப்பறைகளைப் பார்த்தவர்களுக்குக் கம்பிப் பந்தல் நினைவிருக்கும். சுவருக்குச் சுவர் கம்பி இழுத்துக் கட்டி, பிள்ளைகள் வரைந்த படங்களையும் எழுதிய தாள்களையும் அதில் தொங்கவிட்டிருப்பார்கள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய இந்த முறை, 2007-08இல் தமிழகம் முழுவதும் பரவியது. அதே வகுப்பறைகளில், தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் எட்டும்படி சுவரின் கீழ்ப்பகுதியில் கரும்பலகை இருந்தது. அதில் ஆளுக்கொரு பகுதி. நன்றாக வரையும் நாலு பேருடைய படத்துக்கு மட்டும்தான் சுவர் என்ற பழைய வழக்கம் அங்கே உடைந்தது.

எல்லாப் படத்துக்கும் இடம், பிள்ளைக்கு எட்டும் உயரம். இந்த இரண்டையும் வீட்டுக்குள் கொண்டுவர, ஒரு பழைய அட்டைப்பெட்டியில் செய்த படப் பலகையே போதும்.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது வேறு. படம் இரண்டு நாள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும். பிறகு செல்லோ டேப் போட்டுச் சுவரில் ஏறும். டேப்பை உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து பெயர்ந்து வர, ‘இனிமேல் சுவரில் எதையும் ஒட்டக் கூடாது’ என்று தடை விழும். அடுத்து வரைந்த படங்களெல்லாம் பழைய பேப்பர் கட்டோடு எடைக்குப் போய்விடும்.

ஃபிரிட்ஜ் அல்லது வாஷிங் மெஷின் வந்த பெரிய அட்டைப்பெட்டி கிடைத்தால், மூன்றடி அகலம், இரண்டரை அடி உயரத்தில் மூன்று துண்டுகள் வெட்டிக்கொள்ளலாம். ஏ4 தாள் ஆறு தாராளமாக நிற்கும் அளவு இது. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அட்டைக்குள் வரிவரியாக நெளி ஓடும். முதல் துண்டில் நெளி மேலும் கீழுமாக ஓடினால், அடுத்த துண்டில் அது குறுக்காக ஓடும்படி திருப்பி ஒட்ட வேண்டும். எல்லாம் ஒரே திசையில் இருந்தால் பலகை நாளடைவில் அந்தப் பக்கமாக வளைந்துவிடும். ஃபெவிகாலைப் பரவலாகத் தடவி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஓரிரவு விட்டால் அட்டை பலகையாகிவிடும். மைதாப் பசை மலிவுதான். ஆனால் கரப்பானும் பூச்சியும் அதைத் தேடி வரும்.

மேலே போர்த்த வெளிறாத பழைய பருத்திப் புடவையோ காடாத் துணியோ நன்றாக இருக்கும். பூவும் கட்டமும் போட்ட துணி படத்தோடு போட்டி போடும். ஒரே நிறத்தில், கொஞ்சம் அடர்த்தியான சாயத்தில் இருப்பதே நல்லது. துணியை அயர்ன் செய்து, நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டு, பின்பக்கம் மடித்து ஒட்ட வேண்டும். மூலையில் தொடங்கினால் சுருக்கம் விழும். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் முதலில் இழுத்து ஒட்டிவிட்டு மூலையை நோக்கிப் போனால் துணி விறைப்பாக நிற்கும்.

தெர்மாகோல் வெட்டுவதற்குச் சுலபம் என்பதால் பலர் அதைத்தான் வாங்குகிறார்கள். பின் குத்திக் குத்தி எடுத்தால் ஓட்டை அகன்று அது பிடிமானம் இழந்துவிடும். சில வகைப் பசைகள் அதைக் கரைத்தே விடும். நெருப்பும் எளிதில் பற்றும். அட்டைப்பெட்டி இருக்கும்போது அதற்குத் தேவையே இல்லை.

எதையும் வாயில் போடும் வயதில் குழந்தை இருக்கும் வீட்டில் பின்னும் வேண்டாம், பட்டன் காந்தமும் வேண்டாம். காந்தம் இரண்டு வயிற்றுக்குள் போனால், குடலின் சுவர் நடுவில் சிக்கியபடி ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. இந்த வீடுகளுக்கு, பலகையின் குறுக்கே இரண்டு வரிசை சணல் கயிறு கட்டி, துணி காயப்போடும் மரக் கிளிப்புகளை மாட்டிவிடுவதுதான் சரி. பின்னைவிட இதைப் பிள்ளைகளே சுலபமாகக் கையாளுவார்கள்.

மாட்டும் உயரத்தில்தான் பெரியவர்கள் தவறுகிறார்கள். விருந்தாளி கண்ணில் படும்படி ஐந்தடிக்கு மேலே ஆணி அடித்துவிடுகிறார்கள். ஐந்து வயதுக் குழந்தையின் உயரமே ஏறக்குறைய மூன்றரை அடி. பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து மூன்றடியில் இருந்தால், அந்தக் குழந்தை தானே படத்தை மாட்டும், தானே கழற்றும். எது மேலே, எது கீழே என்று தீர்மானிப்பதும் அதன் வேலையாகிவிடும். மேற்கு வெயில் நேராக விழும் சுவரைத் தவிர்க்க வேண்டும். ஸ்கெட்ச் பேனாவின் சாயம் வெயிலில் சீக்கிரம் வெளிறும். கிரையான் அதைவிடத் தாக்குப்பிடிக்கும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரும் அட்டைக்கு ஆகாது. ஆணி அடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்காத வாடகை வீட்டில், ஜன்னல் கம்பியிலோ கட்டில் சட்டத்திலோ பலகையைக் கட்டித் தொங்கவிடலாம்.

இத்தாலியின் ரெஜ்ஜியோ எமிலியா நகரத்துப் பாலர் பள்ளிகளிடமிருந்து இங்கே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, அந்நகரை ஒட்டிய வில்லா செல்லா கிராமத்து மக்கள், ஜெர்மானியப் படை விட்டுப்போன டாங்கியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்ற காசில் பள்ளி கட்டினார்கள். அங்கே தொடங்கிய முயற்சியை லோரிஸ் மாலகுஸ்ஸி என்ற ஆசிரியர் பெரிய கல்வி முறையாக வளர்த்தார். அந்தப் பள்ளிகளின் சுவர்களில் படத்தோடு, அதைப் பற்றிக் குழந்தை சொன்ன வார்த்தைகளும் இருக்கும். கிறுக்கலாகத் தெரியும் நீலக் கோடுகளுக்குக் கீழே ‘இது மழை, பாட்டி குடைக்குள்ள இருக்காங்க’ என்று ஒரு சீட்டு இருந்தால், பார்ப்பவர் அந்தப் படத்தை அவ்வளவு சீக்கிரம் கடந்துபோக மாட்டார்.

சீட்டில் தேதியும் வேண்டும். நாலு வயதில் குழந்தை வரையும் மனிதனுக்குப் பெரும்பாலும் உடம்பே இருக்காது; தலையிலிருந்து நேராகக் கால் முளைத்திருக்கும். ஏழு வயதை ஒட்டித் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு வரும்; வீடு, மரம், ஆள் எல்லாம் அதன் மேல் வரிசையாக நிற்கும். விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வெளியிட்ட நூலில் குழந்தை ஓவியத்தின் இத்தகைய படிகளை விளக்கினார். தேதி போட்ட படங்கள் இருந்தால், தங்கள் குழந்தை அந்தப் படிகளில் ஏறுவதைப் பெற்றோரே பார்க்கலாம்.

பலகை நிறைந்ததும் எது இறங்க வேண்டும் என்பதைக் குழந்தையிடமே விட்டுவிடலாம். இறங்கும் படத்தைப் பகல் வெளிச்சத்தில் போனில் படமெடுத்து, தாளை ஒரு ஃபைலில் வைத்தால் போதும். களிமண் யானை, தீப்பெட்டி ரயில் போன்றவற்றுக்குப் பலகையின் அடியில் ஒரு ஷூ பெட்டியைப் படுக்கவைத்து ஒட்டினால், அது சின்ன அலமாரியாகிவிடும்.