கடல் கடந்த மணமும் வருவாய்க் கணக்கும்

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறியவர்கள் நாம். நம் பிள்ளைகளோ அதனினும் தொலைவு செல்கின்றனர். பிரிட்டனில் குடியுரிமை பெற்ற ஒருவருக்கு நம் பெண்ணை மணமுடித்துக் கொடுப்பது இன்று அரிதன்று. மணம் ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. மணமகள் கணவனுடன் சென்று சேர்வதோ ஒரு கணக்கைப் பொறுத்திருக்கிறது. அக்கணக்கு யாது என்பதை ஈண்டுக் காண்போம்.

தன் கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொள்ள விரும்புபவர், அரசாங்கத்தின் பொதுநிதியைச் சாராமல் குடும்பத்தைக் காக்க வல்லவர் என்று காட்டவேண்டும் என்பதே பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கொள்கை. 2012 ஜூலைக்கு முன்னர், போதிய ஆதரவு உண்டா என்று மட்டுமே பொதுப்பட நோக்கினர். அவ்வாண்டு ஜூலை 9ஆம் நாள் முதல் ஆண்டு வருவாய் 18,600 பவுன் என்று வரையறுத்தனர். குழந்தைகளும் உடன் செல்வதாயின் தொகை மேலும் கூடிற்று. இவ்விதி வழக்கு மன்றம் ஏறியது. 2017 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வருவாய் வரம்பு சட்டத்திற்கு முரணானதன்று எனக் கூறியது. ஆயினும் குழந்தைகளின் நலனையும் பிற வழிகளில் கிடைக்கும் ஆதரவையும் விதிகள் உரியவாறு கருதவில்லை என்று குறை கண்டது. அவ்வாண்டே விதிகள் திருத்தப்பட்டன. பின்னர் 2024 ஏப்ரல் 11 முதல் வரம்பு 29,000 பவுனாக உயர்ந்தது. குழந்தைகளுக்கென இருந்த கூடுதல் தொகை நீக்கப்பட்டது.

இனி, எந்த வருவாய் கணக்கில் சேரும்? நம்மவர் தடுமாறுவது இங்கேதான். வரி பிடிப்பதற்கு முன் உள்ள சம்பளமே கணக்கு. ஆயினும் அது அழைப்பவருடைய சம்பளமாக இருத்தல் வேண்டும். தில்லியில் நம் பெண் வாங்கும் சம்பளம், எத்துணைப் பெரிதாயினும், இங்கிருந்து விண்ணப்பிக்கும்போது சேராது. அங்குச் சென்றபின் வேலை தருவதாக ஒரு நிறுவனம் எழுதிக் கொடுத்தாலும் பயனில்லை. ஆனால் அப்பெண்ணின் பெயரில் உள்ள வீட்டை வாடகைக்கு விட்டுக் கடந்த பன்னிரண்டு மாதங்களில் பெற்ற வாடகை சேரும். சம்பளத்தை விலக்கி வாடகையை ஏற்பது நமக்கு வியப்பாகத் தோன்றலாம். கடல் கடந்தால் இவ்வேலை நின்றுவிடும், வாடகை நில்லாது என்பதை எண்ணினால் விளங்கும்.

வருவாய் குறைந்தால் சேமிப்பைக் கொண்டு ஈடு செய்யலாம். அதற்கும் ஒரு வாய்பாடு உண்டு. குறைகின்ற தொகையை இரண்டரையால் பெருக்கி, அத்துடன் 16,000 பவுனைக் கூட்டவேண்டும். கணவன் 25,000 பவுன் ஈட்டுவதாகக் கொள்வோம். குறைவு 4,000, இரண்டரை மடங்கு 10,000, ஆக 26,000 பவுன் சேமிப்பு வேண்டும். வருவாயே இல்லையெனில் 88,500 பவுன் தேவை. இச்சேமிப்பு இருவருள் எவர் பெயரிலும் இருக்கலாம்; பெற்றோர் அளித்த நன்கொடையாகவும் இருக்கலாம். ஆனால் ஆறு மாதம் முழுவதும் அவர்கள் கையாளக்கூடிய கணக்கில் இருந்திருத்தல் வேண்டும். கடனாகப் பெற்ற பணம் செல்லாது. வங்கியின் வைப்புத் தொகை, வேண்டும்போது எடுக்கக்கூடியதாயின் ஏற்கப்படும். ஊரிலுள்ள நிலம் விற்றுப் பணமானாலன்றிச் சேமிப்பாகாது.

நமது குடியிருப்பில் ஒரு தந்தையார் தம் மகளின் பொருட்டுக் கடன் வாங்கி மருமகனின் கணக்கில் இடப் புறப்பட்டார். மருமகன் 24,000 பவுன் வேலையை விட்டு, 30,000 பவுன் தரும் வேலையில் சேர்ந்து இரண்டே மாதங்கள் ஆகியிருந்தன. ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் நிறையாதவர், இப்போதைய சம்பளத்துடன் கடந்த பன்னிரண்டு மாத வருவாயும் வரம்பை எட்டியதாகக் காட்டவேண்டும். அதற்கு அவரால் இயலவில்லை. அவருக்கு வேண்டியது கடனன்று. நான்கு மாதப் பொறுமையே. ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளும் அவற்றிற்கு ஒத்த வங்கிக் கணக்கும் சேர்ந்தபின் விண்ணப்பித்தனர். பெண் போய்ச் சேர்ந்தாள். வீணான வட்டியும், மறுப்புப் பெற்ற விண்ணப்பத்தின் கட்டணமும் மிஞ்சின. அந்நான்கு மாதங்கள் அவ்வீட்டாருக்கு எளிதாகக் கழியவில்லை என்பதையும் நாம் அறிவோம்.

உடல் ஊனத்திற்காகச் சில உதவித் தொகைகளைப் பெறுபவருக்கு இவ்வரம்பு இல்லை; போதிய ஆதரவைக் காட்டினால் போதும். 2024 ஏப்ரல் 11க்கு முன் இவ்வழியில் விண்ணப்பித்து, அதே துணைவருடன் தொடர்பவர்களுக்குப் பழைய வரம்பே பொருந்தும். குடும்பத்திற்குக் கொடுந்துயர் விளையும் என்று மெய்ப்பிக்கக்கூடிய நிலையில் பிறர் தரும் ஆதரவையும் அதிகாரிகள் கருதுவர்.

இத்தொகைகள் அரசாங்கத்தின் ஆணையால் மாறக்கூடியவை. ஆதலின் விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள விதியைப் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்வது நலம். முகூர்த்தத்திற்கு நாள் பார்க்கும் நாம், சம்பளச் சீட்டு ஆறு நிறையும் நாளையும் உடன் பார்த்துக் குறித்துக்கொண்டால், பிரிவின் நாட்கள் குறையும்.