கிணறும் செப்டிக் டேங்கும் உள்ள வீட்டில் குழாய் பழுதடைந்தால்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகளின் குடும்பத்தாரிடம் மருந்து, உணவு, மறுபரிசோதனை நாள் ஆகியவற்றை நாங்கள் தவறாது விளக்குகிறோம். உங்கள் வீட்டிற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்னும் இரண்டு கேள்விகளையும் உடன் கேட்டாக வேண்டும். நகரத்தில் குழாய் உடைந்தால் முறையிட ஓர் அலுவலகம் உண்டு. கிராமத்திலோ கிணறு, மோட்டார், மேல்நிலைத் தொட்டி, செப்டிக் டேங்க் ஆகிய அனைத்தும் வீட்டுக்காரருக்கே சொந்தம். அவை நள்ளிரவில் பழுதடைந்தால், நோயாளியைப் பார்த்துக்கொள்பவரே அதையும் பார்த்தாக வேண்டும்.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். ஐப்பசி மழை நான்கு நாள்களாக விடவில்லை. வீட்டில் உள்ள தாய், வயிற்றின் வழியே டயாலிசிஸ் செய்துகொள்பவர். நாள்தோறும் பலமுறை கையைத் தூய்மையாகக் கழுவித் திரவப் பையை மாற்ற வேண்டும். விடியற்காலையில் கழிப்பறையில் ஊற்றிய நீர் இறங்கவில்லை. குளியலறை வடிகால் வழியே கறுத்த நீர் மேலே வருகிறது. மகன் கடப்பாரையுடன் செப்டிக் டேங்க் மூடியைத் திறக்க ஓடுகிறார். அவர் முதலில் செய்ய வேண்டியது அதுவன்று. நிறுத்துதல், நோயாளியைக் காத்தல், குடிநீரைக் காத்தல், அதன் பின்னரே பழுதுபார்த்தல் என்பதே சரியான வரிசை. இக்கட்டுரை அந்த வரிசையையே விளக்குகிறது.

நிலத்தடியில் இரண்டும் அண்டைவீட்டார்

கழிப்பறை நீர் முதலில் செப்டிக் டேங்கை அடைகிறது. திடக்கழிவு அடியில் படிகிறது. எண்ணெய்ப்பசை மேலே மிதக்கிறது. நடுவிலுள்ள நீர் உறிஞ்சுகுழிக்குச் சென்று மண்ணில் வடிகிறது. மண் அந்நீரை ஓரளவு வடிகட்டுகிறது. உறிஞ்சுகுழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர், அதாவது ஏறக்குறைய 50 அடி இடைவெளி வேண்டும் என்பதன் காரணம் இதுவே. நம் ஊர்களில் செப்டிக் டேங்க் என்று சொல்லப்படுபவற்றுள் பல, அடித்தளம் பூசப்படாமல் உறைகளை மட்டும் இறக்கிக் கட்டப்பட்ட குழிகளே. வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் உயரும்போது, அக்குழியின் கழிவும் கிணற்று நீரும் நெருங்கிவிடுகின்றன. ஆகவே கழிப்பறை நிரம்பி வழியும் நாளில் கிணற்று நீரையும் ஐயத்துடனேயே பார்க்க வேண்டும். நீர் தெளிவாக இருப்பதும் நாற்றமின்றி இருப்பதும் தூய்மைக்குச் சான்றாகா.

முதலில் நிறுத்துங்கள்

கழிவுநீர் மேலெழும்பினால், வீட்டிலுள்ள அனைவரும் உடனே தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டும். குளித்தல், துணி துவைத்தல், பாத்திரம் கழுவுதல் ஆகியவற்றின் நீரும் அதே தொட்டிக்குச் செல்லுமாயின் அவற்றையும் நிறுத்துங்கள்.

குழாய் உடைந்து நீர் பீறிட்டால், மேல்நிலைத் தொட்டியின் அடியிலுள்ள வால்வை மூடுங்கள்; மோட்டாரையும் நிறுத்துங்கள். உடைந்த குழாயில் அழுத்தம் குறையும்போது, வெளியே தேங்கிய அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படக்கூடும். கழிவுநீர் கலந்த கிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றினால், தொட்டியும் குழாய்களும் சேர்ந்து மாசடையும்.

மோட்டார் ஓடியும் நீர் வரவில்லையெனில் உடனே அதை நிறுத்துங்கள். நீரின்றி ஓடும் மோட்டார் சூடேறிக் கருகிவிடும். மோட்டாரோ அதன் சுவிட்சுப் பெட்டியோ நீரில் மூழ்கியிருந்தால் அருகே செல்லாதீர்கள். உலர்ந்த தரையில் நின்று மெயின் சுவிட்சை அணைக்க முடிந்தால் மட்டும் அணையுங்கள்; இல்லையெனில் மின்வாரியத்தை அழையுங்கள். நீரில் மூழ்கிய மோட்டாரை எலக்ட்ரீசியன் சோதிக்கும் வரை இயக்கலாகாது.

அடுத்து நோயாளியைப் பாருங்கள்

கழிவுநீர் பரவிய அறையிலிருந்து நோயாளியை முதலில் வேறு அறைக்கு மாற்றுங்கள். வயிற்றின் வழியே டயாலிசிஸ் செய்துகொள்பவர், கீமோதெரபி பெறுபவர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர், ஆறாத புண் உள்ளவர், சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர் ஆகியோர் அந்நீரைத் தொடவே கூடாது. சுத்தம் செய்யும் பணியிலும் அவர்கள் ஈடுபடலாகாது.

கையைக் கழுவவும் புண்ணைத் துடைக்கவும் முன்பே சேமித்த தூய நீரையோ, கொதிக்கவைத்து ஆறிய நீரையோ பயன்படுத்துங்கள். ஒருவர் செம்பில் மொண்டு ஊற்ற, மற்றவர் சோப்பிட்டுக் கழுவுவதே போதும். கையில் அழுக்கு ஒட்டியிருக்கையில் கிருமிநாசினித் திரவம் மட்டும் பயன்தராது. டயாலிசிஸ் பை மாற்றத் தூய நீர் இல்லையெனில், ஊகித்துச் செய்யாமல் டயாலிசிஸ் செவிலியரைத் தொலைபேசியில் அழையுங்கள். வெளியேறிய திரவம் உள்ள பைகளைத் திறக்காமல், மூடியுள்ள வாளியில் வைத்திருங்கள்.

கழிப்பறை இயங்காத நேரத்தில், ஒரு வாளியினுள் தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து, பயன்படுத்திய பின் சாம்பலோ மரத்தூளோ தூவி மூடி வைக்கலாம். கீமோதெரபி மருந்து ஏறிய பின் ஏறக்குறைய இரண்டு நாள்கள் வரை நோயாளியின் சிறுநீரிலும் மலத்திலும் வாந்தியிலும் மருந்து கலந்திருக்கும். அவற்றைக் கையாள்பவர் கையுறை அணிய வேண்டும். கருவுற்ற பெண்களிடம் அவ்வேலையை ஒப்படைக்காதீர்கள்.

தரையைச் சுத்தம் செய்பவர் கையுறையும் முழங்கால் வரையிலான ரப்பர் காலணியும் அணிந்துகொள்ளட்டும். முதலில் அழுக்கை வழித்தெடுத்துச் சோப்பு நீரால் கழுவுங்கள். பின்னர் 1 லிட்டர் நீரில் 15 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளித்து, 10 நிமிடம் கழித்துக் கழுவிவிடுங்கள். அப்போது சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். கழிப்பறை ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும்பும். ஆஸ்துமா உள்ளவருக்கும் நுரையீரல் நோயாளிக்கும் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

எங்கே பழுது என்று அறியுங்கள்

ஒரே ஒரு வடிகாலில் மட்டும் நீர் தேங்கினால், அடைப்பு அந்தக் குழாயிலேயே இருக்கும். ரப்பர் உந்தியால் அழுத்திப் பார்க்கலாம். கழிப்பறை, குளியலறை, சமையலறை என எல்லா இடங்களிலும் நீர் மெதுவாக இறங்கி, குழாயில் களகளவென ஒலி எழுந்து, மிகத் தாழ்ந்த வடிகாலில் கழிவு மேலெழும்பினால், பழுது செப்டிக் டேங்கிலோ உறிஞ்சுகுழியிலோ உள்ளது.

இங்கே ஒரு செய்தியை நினைவிற்கொள்ள வேண்டும். தொடர்மழையில் மண் முழுவதும் நனைந்திருக்கும்போது, உறிஞ்சுகுழியின் நீருக்குப் போக்கிடம் இல்லை. அந்நேரத்தில் லாரியை வரவழைத்துக் கழிவை உறிஞ்சி எடுத்தாலும், ஓரிரு நாளில் தொட்டி மீண்டும் நிரம்பிவிடும். நிலத்தடி நீர் மிக உயர்ந்திருக்கையில் தொட்டியை முற்றிலும் காலி செய்தால், வெளிநீரின் அழுத்தத்தால் அது விரிசல் விடவோ மேலெழும்பவோ கூடும். நீர்ப்பயன்பாட்டைக் குறைத்து மழை வடியும் வரை பொறுத்திருப்பதே பல வேளைகளில் தக்க வழி.

வீட்டில் படுக்கை நோயாளி இருக்கையில் அடைப்புக்கு மற்றொரு காரணமும் உண்டு. டயாபர், ஈரத்துணித் தாள், பஞ்சு, கட்டுத்துணி ஆகியவை கழிப்பறைக்குள் போகவே கூடாது. மீந்த மருந்துகளையும் அதில் கொட்டாதீர்கள். அவை தொட்டியைக் கடந்து நிலத்தடி நீரில் கலக்கக்கூடும்.

செப்டிக் டேங்கினுள் எவரும் இறங்கலாகாது

தொட்டியினுள் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் சேர்ந்திருக்கும். அங்கே பிராணவாயு மிகக் குறைவு. அழுகிய முட்டை நாற்றம் சிறிது நேரத்தில் மறைந்துவிடுவதுபோல் தோன்றும். வாயு நீங்கிவிட்டது என்பது அதன் பொருளன்று. மூக்கு மரத்துவிட்டது என்பதே பொருள். ஓரிரு மூச்சிலேயே ஆள் மயங்கி விழக்கூடும். விழுந்தவரைத் தூக்க இறங்கிய அண்ணனும், அவரைத் தேடி இறங்கிய அண்டைவீட்டாரும் அடுத்தடுத்து இறந்த செய்திகளை நாம் நாளிதழ்களில் படித்திருக்கிறோம்.

ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால் 101, 108 எண்களை உடனே அழையுங்கள். மற்றவர்களை இறங்கவிடாமல் தடுங்கள். மேலிருந்து கயிறு வீசி அவர் பற்றிக்கொள்ள முடிந்தால் இழுங்கள். மூடியருகே தீக்குச்சியோ பீடியோ பற்றவைக்காதீர்கள். உரிய பாதுகாப்பின்றி ஆளை இறக்கித் தொட்டியைச் சுத்தம் செய்விப்பது 2013ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். முதன்முறையே 2 ஆண்டுகள் வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இயந்திர லாரியைக் கொண்டே கழிவை எடுக்கச் செய்யுங்கள். அதை வயலிலோ ஓடையிலோ கொட்ட இசையாதீர்கள். அது யாரோ ஒருவரின் கிணற்றை அடையும்.

கிணற்று நீரை மீண்டும் பருகுவதற்கு முன்

ஐயம் தீரும் வரை குடிநீரை நன்கு தளதளவென்று கொதி வந்தபின் குறைந்தது 1 நிமிடமேனும் கொதிக்கவிடுங்கள். கலங்கல் இருப்பின் முதலில் தெளியவைத்து வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். சமைக்கவும் பல் துலக்கவும் மருந்து விழுங்கவும் ஓ.ஆர்.எஸ். கரைக்கவும் அந்நீரே வேண்டும். உப்பு, உலோகம், நைட்ரேட், பூச்சிமருந்து ஆகியவை கொதிக்கவைப்பதால் நீங்கா. கைக்குழந்தையின் பால்மாவுக்கு ஐயத்திற்குரிய கிணற்று நீரைத் தவிர்ப்பது நல்லது.

வழக்கமான குளோரினேற்றத்திற்கு 1,000 லிட்டருக்கு ஏறக்குறைய 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் தேவை. கிணற்றின் குறுக்களவை அதே அளவால் பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 3.14ஆலும் பெருக்கி, 4ஆல் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். 2 மீட்டர் குறுக்களவும் 5 மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் 15,700 லிட்டர் இருக்கும். அதற்குச் சுமார் 40 கிராம் போதும். பவுடரை வாளியில் குழைத்து, நீரூற்றிக் கலக்கி, 10 நிமிடம் தெளியவிடுங்கள். மேல்தெளிவை மட்டும் கிணற்றில் கலந்து, சுண்ணாம்பு மண்டியை அப்புறப்படுத்துங்கள். 1 மணி நேரம் கழித்து, நீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டும்.

கழிவுநீர் கலந்த கிணற்றுக்கு இந்த அளவு போதாது. சுற்றிலும் வெள்ளம் வடிந்த பின் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து, ஆரம்ப சுகாதார நிலையச் சுகாதார ஆய்வாளர் சொல்லும் கூடுதல் அளவில் குளோரினேற்றுங்கள். வெள்ளம் சூழ்ந்திருக்கையில் கிணற்றை வற்ற இறைத்தால் சுவர் சரியக்கூடும். குளோரின் மிகுந்த நீரைச் செப்டிக் டேங்கில் விட்டால், கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அழியும். பின்னர் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் நீரைச் சோதிக்கலாம். 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலை நுண்ணுயிர் ஒன்றும் காணப்படலாகாது என்பது இந்தியக் குடிநீர்த் தரம்.

எங்களை எப்போது அழைக்க வேண்டும்

- கீமோதெரபி பெறுபவருக்கும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவருக்கும் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நேரம் பாராமல் உடனே.
- வயிற்றின் வழியே டயாலிசிஸ் செய்பவருக்கு வெளியேறும் திரவம் கலங்கினால், அல்லது வயிற்றுவலி தோன்றினால்.
- நாளொன்றுக்கு மூன்று முறைக்கு மேல் நீராகப் பேதியானால், மலத்தில் இரத்தம் தென்பட்டால், சிறுநீர் குறைந்தால். சிறுநீரக, இதய நோயாளிகள் ஓ.ஆர்.எஸ். பருகும் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.
- கழிவுநீர் பட்ட புண் சிவந்து வீங்கினால்.

இன்றே செய்யக்கூடியவை

மெயின் சுவிட்சும் மேல்நிலைத் தொட்டியின் வால்வும் எங்கே உள்ளன என்பதை வீட்டிலுள்ள எல்லாருக்கும் காட்டுங்கள். செப்டிக் டேங்க் மூடி உறுதியாக உள்ளதா என்று பார்த்து, அதன் இடத்தைக் கிணற்றிலிருந்து அடிக்கணக்கில் அளந்து எழுதி வையுங்கள். மூன்று நாளுக்குத் தேவையான குடிநீரை மூடிய குடங்களில் வைத்து, அவ்வப்போது மாற்றுங்கள். பிளம்பர், எலக்ட்ரீசியன், கழிவு லாரி, மருத்துவமனை ஆகியோரின் எண்களைச் சுவரில் ஒட்டுங்கள். செப்டிக் டேங்கை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, கோடைக்காலத்தில், இயந்திரத்தால் காலி செய்யுங்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, உங்கள் கிணற்றையும் கழிப்பறையையும் பற்றிச் செவிலியரிடம் சொல்லுங்கள். நோயாளியின் குறிப்பேட்டில் அதையும் எழுதிக்கொள்வோம். மழை பெய்யும் ஓர் இரவில் நீங்கள் எங்களை அழைத்தால், அந்தக் குறிப்பைப் பார்த்தே உங்களுக்கு வழி சொல்ல எங்களால் இயலும்.