178 விநாடிகள்: சிறிய விமானங்கள் ஏன் விழுகின்றன?

1999 ஜூலை 16, இரவு எட்டரை மணிக்கு மேல். அமெரிக்காவின் நியூஜெர்சியிலிருந்து ஒற்றை எஞ்சின் கொண்ட பைப்பர் சரடோகா விமானம் கிளம்பியது. ஓட்டியவர் முன்னாள் அதிபர் கென்னடியின் மகன் ஜான் கென்னடி ஜூனியர். கூடவே மனைவியும், மனைவியின் அக்காவும். மார்த்தாஸ் வினியார்டு தீவை நெருங்கும்போது விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. மூவருமே இறந்துபோனார்கள்.

எஞ்சின் கோளாறா? இல்லை. இருட்டிலும் மூட்டத்திலும் பைலட் திசை உணர்வை இழந்து, கட்டுப்பாட்டை விட்டுவிட்டார் என்றது விசாரணை.

காது சொல்லும் பொய்

நாம் சாய்கிறோமா, நிமிர்ந்திருக்கிறோமா என்பதை உட்காதில் உள்ள திரவமும் மூளைக்குச் சொல்கிறது. விமானம் மெதுவாக, ஒரே சீராகத் திரும்பினால் அது ஏமாந்துவிடும். நேராகப் போவது மாதிரியே இருக்கும். பகலில் தொடுவானத்தைப் பார்த்துச் சுதாரிக்கலாம். நிலவில்லாத இரவில், கடலுக்கு மேல்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். உயரம் குறைவதைப் பார்த்து மூக்கைத் தூக்கினால், சாய்ந்திருக்கும் விமானம் இன்னும் இறுக்கமாகச் சுழன்று இறங்கும்.

1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகம், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாதபடி ஓட்ட வைத்துப் பார்த்தது. இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடிகளில்.

விதி அனுமதித்தது, வானம்?

கென்னடி ஜூனியருக்குச் சுமார் 310 மணி நேர அனுபவம் இருந்தது. கருவிகளை மட்டுமே நம்பி ஓட்டுவதற்கான தகுதி இன்னும் கிடைக்கவில்லை. ஆனாலும் அன்றைய வானிலையில் பறக்க விதிப்படி தடையில்லை.

பயணிகள் விமானத்தில் இரண்டு பைலட்டுகள் உண்டு. போகலாமா வேண்டாமா என்று பார்க்கத் தரையிலும் ஆட்கள் உண்டு. சொந்த விமானத்தில் எல்லாம் ஒருவர் தலையில். மறுநாள் உறவினர் கல்யாணம், ஏற்கெனவே லேட் என்றால் 'எப்படியும் போயே ஆகணும்' என்ற நினைப்பு வரும். இதைக் கிண்டலாக ஒரு வியாதிப் பெயர் வைத்தே பைலட்டுகள் அழைக்கிறார்கள்: 'கெட்-தேர்-ஐட்டிஸ்'.

மருந்து என்னவோ எளிதுதான்: உடம்பு சொல்வதை நம்பாமல் கருவியை நம்புவது, ஆட்டோபைலட்டைப் போடுவது, வந்த வழியே திரும்புவது. அந்த விமானத்திலும் ஆட்டோபைலட் இருந்தது.