கம்பி வைத்த காலோடு பாலைவனத்தில் 100 கி.மீ.!



சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில், கால் எலும்பு முறிந்து கம்பி வைத்துக் கொண்ட சகோதரி ஒருவர் எழுதியிருந்தார். 'எலும்பு கூடி விட்டது என்கிறார் டாக்டர். ஆனால், இன்னும் வலிக்கிறதே... நான் நன்றாக நடக்கலாமா, கூடாதா? யாருமே தெளிவாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்' என்று கேட்டிருந்தார். படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஏனென்றால், என் வலது காலிலும் முழங்காலுக்குக் கீழே 32 செ.மீ. நீளத்துக்குக் கம்பி இருக்கிறது. அந்தக் காலோடு தான், 2023 டிசம்பரில், ராஜஸ்தான் மாநிலம் ஜெய்சல்மேரிலிருந்து லோங்கேவாலா வரை 100 கி.மீ. பாலைவன ஓட்டத்தில் கலந்து கொண்டேன். பீற்றிக் கொள்ள எழுதவில்லை. அதில் பாதிக்கு மேல் நடை தான். முதலிலேயே சொல்லி விடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், உடன்குடி பக்கம். என்னவர் எல்லைக் காவல் படையில் இருக்கிறார். 2016ல், பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் திரும்பும் போது, லோடு ஆட்டோ ஒன்று பக்கவாட்டில் வந்து இடித்தது. கீழ்க்கால் எலும்பு இரண்டும் உடைந்து, ஒன்று தோலைக் கிழித்து வெளியே வந்து விட்டது. எலும்பின் உட்குழிக்குள் கம்பி செலுத்தி, மேலேயும் கீழேயும் திருகு போட்டுப் பூட்டினார்கள். மூன்று மாதம் கால் தரையில் படக்கூடாது. என்னவர் எல்லையில், இங்கே நானும், மூன்றாம் வகுப்புப் படிக்கும் பையனும், மாமியாரும் தான்.

மாமியார் எனக்குச் சொந்த அத்தை, அப்பாவின் அக்கா. அந்த மூன்று மாதமும் எனக்கு 'பெட் பேன்' வைத்து எடுத்தது அவங்க தான். அறுபது வயசுக்கு மேல், இடுப்பு வலியோடு, முகம் சுளிக்காமல் செய்தாங்க. அதனால், பின்னால் நான் ஓடப் போகிறேன் என்றதும் அவங்களுக்கு வந்த கோபத்தை என்னால் தப்பு சொல்ல முடியவில்லை. 'ஏட்டி, ஒனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? மறுபடியும் ஒடஞ்சா யாரு அள்ளுவா? எனக்கு இனி குனிய ஏலாது!' என்றாங்க. அது நியாயமான கேள்வி. ஊரில் மற்றவர்கள் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. ஆனால், அத்தைக்குப் பதில் சொல்லாமல் ஓடக்கூடாது என்று மட்டும் முடிவு செய்து கொண்டேன்.

அதற்கு முன், கால் தேறிய கதையைச் சொல்லி விடுகிறேன். மாவுக்கட்டோ, கம்பியோ எதுவானாலும் எலும்பைத் தான் பிடித்து வைக்கும். தசையைப் பார்த்துக் கொள்ளாது. மூன்று மாதம் கழித்து டேப் வைத்து அளந்த போது, வலது தொடை, இடது தொடையை விட 4 செ.மீ. சுற்றளவு குறைந்திருந்தது. பிசியோதெரபி சொல்லிக் கொடுத்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது கூட இருக்காது. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தி, அஞ்சு எண்ணி விட வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை! கணுக்கால் இறுகிப் போயிருந்ததற்கு, 'பெருவிரலால காத்துல ஏ, பி, சி, டி எழுதுங்க அக்கா' என்றாள். இருபத்தாறு எழுத்து எம்மாத்திரம்? நான் அ, ஆவிலிருந்து தொடங்கி, னௌ வரைக்கும் எழுதுவேன். பையன் பக்கத்தில் உட்கார்ந்து, 'அம்மா, ஙூ விட்டுட்டே!' என்று கண்டுபிடிப்பான். பால் பொங்குகிற நேரத்தில் அடுப்பு மேடையைப் பிடித்துக் கொண்டு குதிகால் தூக்கி இறக்குவேன். அந்த ஒரு பயிற்சியை இன்று வரை விட்டதில்லை.

அந்தப் பெண் சொல்லித் தந்த இன்னொரு விஷயம் தான், நம் சகோதரிக்கு நான் சொல்ல நினைப்பது. 'வலி ரெண்டு விதம் அக்கா. உள்ளங்கையால தடவிக் காட்டுற வலி ஒண்ணு. ஒத்தை விரலால தொட்டுக் காட்டுற வலி ஒண்ணு' என்றாள். தசை வேலை செய்த வலி பரவலாக இருக்கும். கொஞ்ச தூரம் நடந்தால் இளகும். ராத்திரி தூங்க விடும். எலும்பு வலி, 'இதோ, இங்கே' என்று ஒரே புள்ளியில் நிற்கும். நடக்க நடக்கக் கூடும். ஒத்தைக் காலில் குதித்தால் 'சுரீர்' என்று அங்கேயே குத்தும். முதல் வலியோடு வேலை பார்க்கலாம். இரண்டாவது வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி விட வேண்டும்.

மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. அதை நானே கண்டுகொண்டேன். கம்பியை முழங்காலுக்கு முன்பக்கமாகத் திறந்து தானே உள்ளே விடுகிறார்கள்... அந்த இடம் முட்டி போட்டால் வலிக்கும். பலருக்கும் இப்படி உண்டு என்றார் டாக்டர். ஆபத்தில்லை, ஆனால், போகவும் போகாது. வேடிக்கையைப் பாருங்கள், 40 கி.மீ. ஓட முடிகிற என்னால், முட்டி போட்டு வாசலில் கோலம் போட முடியாது! ஆறு அங்குல மணை ஒன்று செய்து, அதில் உட்கார்ந்து தான் போடுகிறேன்.

2018ல் கணுக்கால் பக்கம் தோலை உரசிக் கொண்டிருந்த இரண்டு திருகுகளை எடுத்தார்கள். அந்த வருஷமே என்னவருக்கு ஜெய்சல்மேரில் குவார்ட்டர்ஸ் கிடைத்து, அத்தையோடு அங்கே போனோம். ஆறு, குளம் இல்லாத ஊரில் எப்படி இருக்கப் போகிறோம் என்று பயந்தேன். ஆனால், நான் திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் கால் புதைய நடந்து வளர்ந்தவள். மணல் எனக்கு அந்நியமில்லை. குடியிருப்புப் பெண்கள் விடியற்காலையில் நடப்பார்கள். நானும் சேர்ந்து கொண்டேன். 'எலும்பு முழுசா கூடிடுச்சு. ஓடலாம்' என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு, ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓட்டம். அடுத்தது வரை நடை. வலது கால் முக்கால் சென்டிமீட்டர் குட்டை. செருப்புத் தைக்கிற பெரியவர் ஒருவர், ஷூவுக்குள் அந்த அளவுக்கு அட்டை வெட்டிப் போட்டுத் தந்தார். இடுப்பு வலி அதோடு போனது.

அப்போது தான் பையன், செல்போனில் படித்து ஒருவரைப் பற்றிச் சொன்னான். கிறிஸ் மூன் என்று ஒரு பிரிட்டிஷ்காரர், 1995ல் மொசாம்பிக் நாட்டில் கண்ணிவெடி அகற்றும் பணியில், வலது கையின் கீழ்ப்பகுதியையும், வலது காலின் கீழ்ப்பகுதியையும் இழந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வருஷம் ஆகும் முன்பே லண்டன் மாரத்தான் ஓடி, பிறகு சகாரா பாலைவன ஓட்டத்தையும் முடித்தாராம். மொராக்கோவில் 1986லிருந்து நடக்கிற ஓட்டம் அது. சுமார் 250 கி.மீ., பல நாட்கள். சாப்பாட்டை முதுகில் சுமந்து கொண்டே ஓட வேண்டும். ஒட்டகம் பின்னாலேயே வருமாம்; அது நம்மைத் தாண்டி விட்டால் போட்டியிலிருந்து வெளியே!

'ஆம்பளைங்க கதையாவே சொல்றியே' என்றேன். மறுநாளே ஏமி பால்மியரோ விண்டர்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணைக் கண்டுபிடித்து வந்தான். 1994ல் மோட்டார் சைக்கிள் விபத்து. பல ஆபரேஷன்களுக்குப் பிறகு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து விட்டார்கள். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். 2019ல் செயற்கைக் காலோடு அதே சகாரா ஓட்டத்தை முடித்தார். கால் இழந்த பெண் ஒருவர் அதை முடித்தது அது தான் முதல் தடவை. செயற்கைக் கால் பொருந்துகிற இடத்தில் வியர்வையும், மணலும் சேர்ந்தால் என்ன பாடு படுத்தும் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்காவது சொந்தக் கால் இருக்கிறதே!

பயிற்சி நாலு வருஷம். முதல் நாள் நூறு அடி. 2022 கடைசியில் 42 கி.மீ. வாரத்துக்கு வாரம், முந்திய வாரத் தூரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டுவதில்லை. நடுவில் 2021ல் ஒரு நாள், அந்த 'ஒத்தை விரல்' வலி வந்தது. கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, தொட்டால் கண்ணில் நீர் வந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. 'நுண்ணிய விரிசல் ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாதும்மா. உங்க விரல் சொல்றதை நம்புங்க' என்றார் டாக்டர். ஏழு வாரம் ஓடவில்லை. தானாக நிறுத்தினேன் என்பதைப் பார்த்த பிறகு தான், அத்தை கொஞ்சம் இறங்கி வந்தாங்க. 'ஒத்தை விரல் வலி வந்தா, அந்த இடத்துலயே வண்டில ஏறிருவேன் அத்தை' என்று சத்தியம் செய்து கொடுத்தேன். உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டி, சுக்கு போட்டுச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி, அவங்களே டப்பாவில் போட்டுத் தந்தாங்க.

இனி ஓட்டத்துக்கு வருகிறேன். டிசம்பரில் அங்கே பகலில் 25 டிகிரி. ராத்திரி 10க்கும் கீழே போகும். பகல் வேர்வையில் நனைந்த துணி, ராத்திரி ஐஸ் கட்டி! அதனால் மாற்று உடை கட்டாயம். மணல்மேட்டில் ஏறி இறங்குவது போல் நினைக்காதீர்கள். பெரும்பாலும் தார்ச்சாலை தான். இரண்டு பக்கமும் மணலும், புல்லும், அங்கங்கே கேஜ்ரி மரமும். நம்ம ஊர் வன்னி மரமே தான் அது! சாலை ஓரத்தில் வரிசையாகக் காற்றாலைகள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் வந்து விட்டோமோ என்று ஒரு நிமிஷம் தோன்றும்.

பெண்கள் கேட்கத் தயங்குகிற விஷயங்களையும் சொல்லி விடுகிறேன். தொடை உரசிப் புண்ணாகாமல் இருக்க, வாசலினைத் தாராளமாகத் தடவ வேண்டும். ஷூ ஓர் அளவு பெரிசாக இருக்கட்டும், கால் வீங்கும். ஒதுங்குவதற்கு இருட்டும், புல்லும் தான். இரண்டு பெண்களாகச் சேர்ந்து போனோம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக் கொண்டே இருப்பது ஆபத்து; ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம், குழப்பம் வரும். நான் உப்பு போட்ட அவித்த உருளைக்கிழங்கு, ஓ.ஆர்.எஸ்., அத்தையின் கருப்பட்டி என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டேன்.

அறுபது கி.மீ. தாண்டி ராம்கர். அங்கே என்னவர் நண்பரின் காரோடு நின்று கொண்டிருந்தார். 'ஏறிக்கிறியா?' என்றார். 'இன்னும் இல்லை' என்றேன்.

ராம்கருக்கு அப்பால் நல்ல இருட்டு. நெற்றி விளக்கு காட்டுகிற வட்டம் தான் உலகம். 72 கி.மீ. இருக்கும்... வலது காலின் முன்பக்கம், கணுக்காலுக்குச் சற்று மேலே வலி. 2021ல் வந்த அதே இடம்! வயிற்றில் புளியைக் கரைத்தது. சாலையோரக் கல்லில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினேன். குளிரில் விரல் மரத்திருந்தது. வாயால் ஊதிச் சூடாக்கிக் கொண்டு, எலும்பின் மேல் கீழிருந்து மேலாக ஒவ்வொரு அங்குலமாக அழுத்தினேன். அவசரப்படவில்லை. எனக்கு வேண்டிய பதில் வருகிற மாதிரி அழுத்தி விடக்கூடாதே! செல்போன் மடியில் தயாராக இருந்தது. எலும்பில் எந்தப் புள்ளியும் குத்தவில்லை. அதன் பக்கத்துத் தசைநாரில், நீளவாக்கில் பரவலாக வலித்தது. எழுந்து, ஒத்தைக் காலில் மூன்று தடவை குதித்தேன். 'சுரீர்' இல்லை. பிறகு தான் கவனித்தேன், பாதம் வீங்கி ஷூ கயிறு கணுக்காலின் முன்பக்கத்தை இறுக்கிக் கொண்டிருந்தது. மேல் துளை இரண்டை விட்டுவிட்டுத் தளர்த்திக் கட்டினேன். அரை கி.மீ. நடப்பதற்குள் வலி பாதியானது. ஆனாலும், அதன் பிறகு ஓடவில்லை. நடை தான், பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குனிந்து விரலால் பார்த்துக் கொண்டே!

லோங்கேவாலாவை நீங்கள் 1997ல் வந்த 'பார்டர்' இந்திப் படத்தில் பார்த்திருக்கலாம். 1971 டிசம்பர் 4ம் தேதி இரவு, டாங்கிகளோடு வந்த பாகிஸ்தான் படையை, நூற்றிச் சொச்சம் பேர் விடியும் வரை தடுத்து நிறுத்திய இடம். விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து நம் விமானங்கள் வந்தன. அந்தப் போரில் சிக்கிய டாங்கிகள் இன்னும் அங்கே நிற்கின்றன. நான் போய்ச் சேர்ந்ததும் முதலில் செய்தது, அதில் ஒன்றின் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தது தான். கொடுத்த நேரம் முடிய இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. எனக்குப் பின்னால் நாலைந்து பேர் தான்.

அத்தைக்குப் போன் போட்டேன். 'முடிச்சுட்டேன் அத்தை.'

'அது கெடக்கட்டும். கால்ல எங்கட்டி வலிக்கு? விரல வச்சிக் காட்டுவியா, கைய வச்சிக் காட்டுவியா?'

'கை பத்தாது அத்தை. இடுப்புலேர்ந்து பாதம் வரைக்கும் வலிக்கு!'

'அப்பச் சரி' என்று பெருமூச்சு விட்டாங்க. அடுத்து, 'இவ்வளவு தூரம் ஓடுனதுக்கு எவ்வளவு குடுத்தான்?' என்று கேட்டாங்க. 'நாம தான் அத்தை பணம் கட்டணும்' என்றதும் போனை வைத்து விட்டாங்க. ரெண்டு நாள் என்னோடு பேசவே இல்லை!

- தூத்துக்குடி மாவட்ட வாசகி